நாலு போனில் துண்டு போட்ட மண்டோர்

போன வாரம் ஒரு நாள். காலை மணி ஐந்தரை. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தேன். லேசான தூறல். காலில் இரவல் வாங்கிய பூட்ஸ். அதுவும் ஒரு சைஸ் பெரியது.

வேலைக்குக் கிளம்பும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் அது. கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை? கொட்டாவி விட்டுக்கொண்டே நானும் அதைத்தான் யோசித்தேன்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். லுக்குட்டில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேலே ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், சத்தம் போடும் ஒரு ஃபேன். முதலாளியும் நான், கூலியும் நான். "இந்த வருஷத்தோடு தொழிலை விட்டுவிடுகிறேன்" என்று நான் இங்கே எழுதாத வருஷம் கிடையாது. வயது ஐம்பத்து மூன்று ஆகிறது. இன்னும் விட்டபாடில்லை.

கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பெருமாள் அண்ணன் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை பார்க்கிறார். காலையில் நான் வருவதற்கு முன்பே ஒரு ஆரஞ்சுக் கோனை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். மனிதர் நான் போய் நின்ற அதே தோட்டத்தில், நாலாவது டிவிஷனில், பதினெட்டு வருஷம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஏன் அண்ணே என்று ஒருமுறை கேட்டதற்கு, "போனு வேலைல நான் கொஞ்சம் ஸ்லோ லா, சார்" என்றார், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்துவைத்தேன்.

அவர் சொன்ன அந்தப் போன் வேலை... அதை எழுதிக்கொடுத்தவன் நான்தான்.

ஏழு வருஷத்துக்கு முந்திய கதை. பெரட்டை நோட்டில் எழுதாமல் போனிலேயே பதிகிற மாதிரி ஒரு வெப் ஆப் வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் கேட்டார். எழுதிக்கொடுத்தேன். மண்டோர் தன் போனில் பக்கத்தைத் திறப்பார். ஆட்களின் பேர் வரிசையாக வரும். வந்தவர்களுக்கு டிக் போட்டு, 'அனுப்பு' என்று அழுத்தினால் சர்வர் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆறேகாலுக்குள் வந்த பெரட்டுக்கு மேனேஜர் திரையில் பச்சைக் கோடு. அதற்குப் பிறகு வந்தால் சிவப்புக் கோடு. அந்தக் கோடுகள் என் சொந்த யோசனை. அன்றைக்கு மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கொஞ்ச நாளில் ஆப் மந்தமானது. பக்கம் திறக்க நேரமாகிறது, அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று புகார் வரும். கம்ப்யூட்டர்காரனின் முதல் பதில் என்ன? "உங்க பக்கம் லைன் சரியில்லை." அதைச் சொல்லியே முதல் இரண்டு வருஷத்தை ஓட்டினேன்.

பிறகு பெரிய சர்வருக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அதே கதைதான். டேட்டாபேஸில் சில்லறை வேலைகள் செய்தேன். கொஞ்சம் தேவலை ஆனது, மறுபடி படுத்துக்கொண்டது. காலை பத்து மணிக்கு என் மேசையில் உட்கார்ந்து சோதித்தால் இரண்டு மூன்று விநாடியில் பக்கம் வந்துவிடும். எனக்கு வருகிறது, அவர்களுக்கு ஏன் வரவில்லை? அவர்களுக்குச் சரியாகப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று முடிவுகட்டினேன். நம் தொழிலில் அது ரொம்ப வசதியான முடிவு.

போன மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். குரலில் பழைய முதுகுத் தட்டல் இல்லை. ஆப் ஏன் மந்தமாக இருக்கிறது, அதற்குக் காரணம் யார் என்று எழுத்தில் வேண்டும் என்றார். கூடவே ஒரு பெயரையும் சொன்னார். நாலாவது டிவிஷன் மண்டோர் சாந்தி. பெருமாள் அண்ணனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். அந்தத் தோட்டத்தில் மண்டோரான முதல் பெண். இந்த வருஷம் இரண்டு சிவப்புக் கோடு வாங்கி, இரண்டு எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் மண்டோர் வேலை போய்விடும், பழையபடி உரம் போடும் கேங்குக்குத் திரும்ப வேண்டியதுதான். இதுவும் மேனேஜர் சொன்னதுதான்.

சர்வரின் லாக்கை எடுத்துப் பார்த்தேன். யார் எப்போது வந்து கதவைத் தட்டினார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுதிவைக்கும் குறிப்பு அது. சாந்தியின் பெயரில் காலை நாலே முக்காலிலிருந்தே தட்டல். ஒரு போனிலிருந்து அல்ல, நாலு போனிலிருந்து. ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை முறை! மற்ற மூன்று மண்டோர்களும் ஆளுக்கு இரண்டு போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள்தான். ஆனால் இந்த அம்மாவை மிஞ்ச முடியாது.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? காரணம் கிடைத்துவிட்டது. 'பயனரின் தவறான உபயோகம்' என்று ஒரு வரி டைப்பும் செய்துவிட்டேன். அனுப்பியிருந்தால் என் தலை தப்பியிருக்கும்.

அனுப்பவில்லை. நேர்மை என்றெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரட்டு ஐந்தே முக்காலுக்கு. நாலே முக்காலுக்கு எழுந்து, நாலு போனில் ஒரு மனுஷி அந்தப் பக்கத்தைத் திறந்து என்ன செய்கிறாள்? அது தெரியாமல் எனக்கு மண்டை காய்ந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து அனுப்பலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அப்படித்தான் இரவல் பூட்ஸில் போய் நின்றேன். பூட்ஸ் கொடுத்தவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சேவியர். என்னைப் பார்த்ததும், "என்னா பாஸ், ஏழு வருஷம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுச்சா?" என்றார். பூட்ஸை மாட்டிக்கொண்டேன்.

சாந்திக்கு நாற்பதுக்குள் இருக்கும். தலையில் டார்ச், இடுப்பில் ஒரு பை. லோரியின் படியில் நாலு போனையும் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். ஒன்று அவருடையது. கண்ணாடி விரிசல் விட்ட ஒன்று வீட்டுக்காரருடையது. மற்ற இரண்டும் மகளுடையதும் அண்டை வீட்டு அக்காவுடையதும். நாலிலும் என் ஆப்பின் வெள்ளைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக விரலால் கீழே இழுத்து, மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டே வந்தார்.

எதற்கம்மா இது என்று கேட்டேன். இது கூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தார்.

"எடம் போடுறது லா, சார். கிளினிக்ல நம்பர் குடுக்கறதுக்கு முன்ன செருப்ப வரிசைல வச்சிட்டுப் போறோம்ல, அது மாரி. நாலு போன் நின்னா ஒண்ணாச்சும் முன்னுக்குப் போவும். மொத லோரி எங்காளுங்களுக்குக் கெடைக்கும்."

முதல் லோரியா? அது என்ன கணக்கு என்று சேவியரிடம் கேட்டேன். நாலு டிவிஷனுக்கு லோரி இரண்டே இரண்டுதான். யாருக்கு முதலில் என்று தினம் சண்டை. அதனால் ஆபீஸ் திரையில் யாருடைய பெரட்டு முதலில் வருகிறதோ அவர்களுக்கு முதல் லோரி என்று சேவியரே ஒரு சட்டம் போட்டுவிட்டார். மனிதர் நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார். ஆனால் நாலாவது டிவிஷன் சுவா ஊர் எல்லையை ஒட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கிறது. இரண்டாவது நடையில் போனால் அங்கே போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும். பழம் வெட்டுகிறவர்கள் உச்சி வெயிலில் நிற்க வேண்டும். சாந்தியின் ஆட்கள் அதிகம் பேர் இந்தோனேசியாக்காரர்கள், கொஞ்சம் நம் ஆட்கள். வேறு டிவிஷனுக்கு மாற்றிவிடச் சொல்லி ஐந்தாறு பேர் கேட்டும்விட்டார்களாம்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் பரம்பரை நாம். சர்வரிலும் போட்டோம். ஆனால் சர்வருக்குத் துண்டு தெரியாதே! லுக்குட் ஒட்டுக்கடையில் ஒரு தட்டு மீ கோரிங் நூடுல்ஸ் சொல்கிறீர்கள். வரவில்லை. மறுபடி சொல்கிறீர்கள், மறுபடியும் சொல்கிறீர்கள். கடைக்காரர் ஒவ்வொன்றையும் புது ஆர்டர் என்று எடுத்துக்கொண்டு பத்துத் தட்டுக்கு வாணலியைப் போட்டால், உங்கள் முதல் தட்டு எப்போது வரும்? பக்கத்து மேசைக்காரரும் அதையே செய்தால்? நாலு மண்டோர்களும் காலை ஐந்து மணியிலிருந்து ஆறேகால் வரை என் சர்வரை இப்படித்தான் கூவிக் கூவிக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

அப்பாடா, தவறு அவர்களுடையதுதான் என்று நான் மூச்சு விடுவதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. விரிசல் போனில் பக்கம் ஒருவழியாகத் திறந்திருந்தது. ஒவ்வொரு ஆளின் பேருக்குப் பக்கத்திலும் ஒரு எண். அது என்ன நம்பர் என்று தெரியுமா என்று சாந்தியிடம் கேட்டேன்.

"தெரியாது, சார். அவங்க பாஸ்போட் நம்பர்ல ஒரு துண்டுன்னு நெனச்சேன்."

அந்த ஆள் வேலையில் சேர்ந்த நாள் முதல் இன்றுவரை எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார் என்கிற மொத்தக் கணக்கு அது. ஆப்பைக் காட்டிய முதல் நாள், மேனேஜர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று நான் சேர்த்தது. ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும், ஒவ்வொரு ஆளுக்கும், ஏழு வருஷக் குறிப்பையும் முதலிலிருந்து எண்ணிவிட்டு வருகிறது சர்வர். ஒரு தட்டு மீ கோரிங்குக்கு வயலில் இறங்கிக் கோதுமை அறுத்துக்கொண்டு வருகிற கதை. ஆரம்பத்தில் குறிப்புகள் கொஞ்சம்தான், அதனால் தெரியவில்லை. ஏழு வருஷத்தில் சேர்ந்துவிட்டது. பத்து மணிக்கு என் மேசையில் ஆன இரண்டு மூன்று விநாடி அதற்குத்தான். ஒரு ஆள் மட்டும் கேட்கும்போதே அத்தனை நேரம் ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதற்குள் பெரட்டு ஆரம்பித்துவிட்டது. சாந்தி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஆள் குரல் கொடுத்ததும் முதலில் பையிலிருந்த சின்ன நோட்டில் பென்சிலால் ஒரு கோடு, பிறகு போனில் டிக். 'அனுப்பு' என்று அவர் அழுத்தும்போது நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

சுற்றியது. தூறல் வலுத்தது. ஆட்கள் பழைய உரச் சாக்குகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். முதல் லோரி ஒன்றாவது டிவிஷனோடு கிளம்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போனது. ஆறே கால் ஆனது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு பதினேழுக்கு 'வெற்றி' என்று ஒரு பச்சை எழுத்து வந்தது. அந்த வார்த்தையைப் போட்டவனும் நான்தான்.

சாந்தி காலியான லோரித் தடத்தைப் பார்த்தபடி நின்றார். என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"மூணு ஆயிருச்சு, சார்" என்றார்.

பிறகு ஒவ்வொரு போனாக அணைத்துப் பையில் போட்டுக்கொண்டே, ரிப்போர்ட்டில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் சொல்லக்கூடிய கோழைத்தனமான பதில் அது.

லுக்குட்டுக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்த எண்ணிக்கை வரியைத் தேடி எடுத்தேன். அதற்கு மேலே என் கையாலேயே ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தேன். 'தற்காலிகம். அடுத்த மாதம் மாற்றணும்.' ஏழு வருஷமாக அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

வரியைத் தூக்கினேன். யாரும் பார்க்காத எண் அது. தூக்கியதும் பக்கம் கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. ஒருவர் பத்து முறை இழுத்தாலும், போட்ட தட்டையே எடுத்து நீட்டுகிற மாதிரி ஒரு ஏற்பாடும் செய்தேன். மொத்தம் ஒரு மத்தியான வேலை. பெரிய சர்வருக்கு மாறச் சொல்லி நான் கொடுத்த யோசனையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் என்பது மனதைவிட்டுப் போகவில்லை. அவர் அழுத்தியது அப்போதுதானே? பிறகு எப்படிச் சிவப்பு? பார்த்தேன். மண்டோர் அழுத்திய நேரத்தை என் ஆப் கணக்கில் எடுக்கவே இல்லை. சர்வர் தன் வேலையை எல்லாம் முடித்து, ஆற அமர எழுதிவைக்கும் நேரத்தைத்தான் பெரட்டு நேரம் என்று மேனேஜருக்குக் காட்டியிருக்கிறது.

அழுத்திய நேரம் லாக்கில் இருந்தது. நாலு போனைக் காட்டிக்கொடுத்த அதே லாக்கில். சாந்தியின் மூன்று சிவப்பையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்று நாளும் ஆறேகாலுக்குள் அழுத்தியிருக்கிறார். மூன்றுமே பச்சை.

ரிப்போர்ட்டை மாற்றி எழுதினேன். நீளமாக இல்லை. மந்தத்துக்குக் காரணம் நான் எழுதிய வரி, தாமதம் மண்டோருடையது அல்ல, சர்வருடையது, இதுவரை போட்ட எல்லாச் சிவப்புக் கோட்டையும் திருத்திப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அனுப்பும் முன் இரண்டு டம்ளர் தேத்தண்ணி குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பினால் இந்த வேலை எனக்கு இருக்குமா என்று தெரியாது. இன்றுவரை தெரியவில்லை. சாந்தியின் கடிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அது உறுதி. வேறு கம்பெனிகளிடம் விலை கேட்டிருக்கிறார்கள், அதுவும் உறுதி. தூரத்து டிவிஷனுக்கே முதல் லோரி என்று சேவியர் சட்டத்தை மாற்றிவிட்டார். சாந்தி மட்டும் இன்னும் இரண்டு போன் வைத்திருக்கிறாராம். என் ஆப்பை நம்பி ஒரு போனோடு நிற்க அவருக்கு மனசு வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாச் சிவப்புக் கோட்டையும் திருத்த வேண்டும் என்று எழுதியவன் நான்தானே? பழைய லாக் எதையும் நான் அழித்ததில்லை. சோம்பேறித்தனம்தான். பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். சாந்திக்கு முன்னால் நாலாவது டிவிஷனில் ஒரு பெயர் வந்தது. அவருக்கும் மூன்று சிவப்பு. அழுத்திய நேரத்தைப் பார்த்தேன்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் முன்னால். ஆறு மணிக்கு. ஆறு மூன்றுக்கு.

மறுநாள் காலை காரை நிறுத்தியபோது பெருமாள் அண்ணன் வழக்கம்போலக் கோனை எடுத்து வழிவிட்டார். கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சர்வர், எண்ணிக்கை, லாக்... பாதி அவருக்குப் புரிந்திருக்காது. மூன்று நாளும் நீங்கள் நேரத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள், என் ஆப்தான் லேட் என்று காட்டியது என்றதும் புரிந்துவிட்டது. தோட்டத்துக்கும் எழுதியிருக்கிறேன், ஆனால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கோனை இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"அப்போ நான் ஸ்லோ இல்லையா, சார்?"

"இல்லண்ணே. நான்தான்."

தலையை ஆட்டினார். பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தார். அவரைக் கையால் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே ஒருக்கா வீட்டுக்கு வந்து எம் பொஞ்சாதிகிட்ட இத சொல்லிருங்க லா, சார். மூணு வருஷமா ஸ்லோன்னுதான் ஏசிக்கிட்டு இருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா."

இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மூன்று வருஷம் லேட்... சிவப்புக் கோடு எனக்குத்தான்.